கிரீம் பிஸ்கட்

என் மகளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. பொகவந்தலாவை பஜாரில் ஆட்டோ ஓட்டிவிட்டு மாலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்கு ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வருவேன். உறையைப் பிரிப்பதற்குள் அழுதுவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் ஒரு பிஸ்கட்டை மட்டும் எடுத்து, கவுன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிடலியா?"

"பொறகு சாப்பிடுறேம்ப்பா."

மறுநாளும் அப்படியே. எனக்கு இது சரியாகப் படவில்லை. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. மனைவியிடம் சொன்னேன். "புள்ள அடம் புடிச்சாலும் குத்தம், புடிக்கலைனாலும் குத்தமா?" என்றாள் அவள்.

என் சந்தேகம் பக்கத்து வீட்டுச் சிறுமியின் மேல் விழுந்தது. இரண்டாம் வகுப்பு படிப்பவள். தாய் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்து, இருட்டும் நேரத்து பஸ்ஸில்தான் வருவாள். அதுவரை அந்தப் பிள்ளை எங்கள் வாசலில்தான் இருக்கும். வாய் கெட்டிக்காரி. என் மகளை ஏமாற்றிப் பிடுங்கித் தின்கிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு மாலை முகம் கழுவுவதுபோல் தண்ணீர் விழும் பீலிக்கரையில் நின்று கவனித்தேன். இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் தன் சடையை அவிழ்த்துச் சிக்கெடுத்தாள். என் மகள் பிஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி அவள் விரல்களையே பார்த்தாள். சடை பின்னி முடிந்தது. பெரியவள் பிஸ்கட்டை வாங்கித் திருகினாள். இரண்டாகப் பிரிந்தது. கிரீமை ஒரே நக்காக நக்கிவிட்டு, இரண்டு துண்டையும் நீட்டினாள்.

"பாத்தியா, ரெண்டு!"

என் மகள் கைதட்டினாள்.

நான் போய் நின்றேன். "கிரீம் எங்கம்மா போச்சு?"

பெரியவள் பயப்படவில்லை. "சொன்னபடி ரெண்டு குடுத்தேன்ல மாமா. மொதல்ல சும்மா கண்ண மூடித் தெறக்குற நேரந்தான் திங்காம இருக்கச் சொன்னேன். இப்பத்தான் சடை பின்ற வரைக்கும். அவ அழுறதுக்கு முந்தியே குடுத்துருவேன்."

திட்ட வந்தவன் திட்டாமலே திரும்பினேன். மறுநாள் நானே முயன்றேன். மகளிடம் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, "இத இப்ப சாப்பிடாத. நாளைக்கு அப்பா ரெண்டு தாரேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பிஸ்கட்டை முழுதாக வாயில் திணித்துக்கொண்டாள். வாய் நிறைய மென்றபடியே, "நீங்க மறந்துருவீங்க. நுவரெலியாவுக்குக் குதிர பாக்கக் கூட்டிப் போறேன்னீங்க, போகல" என்றாள்.

உள்ளேயிருந்து மனைவி சிரித்தது கேட்டது. எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த மாலை, "நாளைக்கு" என்றெல்லாம் சொல்லவில்லை. "தேத்தண்ணி கொதிக்கிற வரைக்கும்" என்று சொல்லி, அவள் பிஸ்கட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் எடுத்து வைத்தேன். அவள் தொடவில்லை. கேத்தல் சத்தமிடும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது பிஸ்கட்டை அல்ல, என் கையை.