கார்புரேட்டரைக் கழற்றிய வெள்ளிக்கிழமை

கல்வராயன் மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். வீடு கள்ளக்குறிச்சியில். காலை டியூட்டி வரும் வாரங்களில் பஸ் நேரம் ஒத்துவராது. அதனால் அப்பா விட்டுப்போன பழைய வெள்ளைக் காரை நானே ஓட்டிக்கொண்டு போவேன்.

அப்படி ஒரு நாள் மலையேறும்போது ஒரு வளைவில் கார் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்தும் வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பின்னால் மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போகும் காலி லாரி. கால் பிரேக்கின் மேல் ஏறி நிற்கிற மாதிரி மிதித்துக்கொண்டு, கண்ணாடியில் அந்த லாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் குதித்து ஓடிவந்து பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தார்.

"பெட்ரோல் ஒழுங்கா வர்ல போலக்குதும்மா. கார்புரேட்டர்ல அடைப்பா இருக்கும். பார்த்துட்டு அப்புறம் மேல ஏறுங்க," என்றார்.

பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பியது. எப்படியோ போய்ச் சேர்ந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் மெக்கானிக் பைக்கிலிருந்து விழுந்து கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார். போன் செய்தேன்.

"இன்னும் மூணு வாரம் ஆவும் சிஸ்டர்."

எனக்குத் திங்கட்கிழமை காலை டியூட்டி. நானே கழற்றிச் சுத்தம் செய்தால் என்ன என்று கேட்டேன்.

"பண்ணலாம். ஏர் ஃபில்டர எடுத்துட்டு மேல் மூடிய மட்டும் தொறந்தா போதும், முழுசா இறக்க வேணாம். ஆனா இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். பேட்டரி ஒயர மொதல்ல கழட்டுங்க. வூட்டுக்குள்ள வேணாம், வெளிய காத்தாட வச்சிப் பண்ணுங்க. பெட்ரோல ஊத்திக் கழுவாதீங்க, அதுக்குன்னே ஸ்ப்ரே விக்குது. பெட்ரோல் போற ஜெட்டு ஓட்டைல ஊசி கீசி வுட்டுடாதீங்க, ஓட்டை பெருசாயிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கங்க."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அவர் கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் உளுந்தூர்பேட்டையில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தபோது மண்ணெண்ணெய் அடுப்பு குப்பென்று பிடித்து வலது கை முழங்கை வரை வெந்துபோனது. பதினெட்டு வருஷமாகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பது நான்தான். அவர் அதன் பக்கமே போகமாட்டார். பெட்ரோல் என்று சொன்னால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அவர் கடையிலிருந்து நேராக ஜும்மாவுக்குப் போய்விட்டு இரண்டு மணிக்குத்தான் சாப்பிட வருவார். பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தெருவில் வைத்துச் செய்தால் நாலு பேர் வந்து வேடிக்கை பார்ப்பார்கள், அவர் காதுக்கும் போய்விடும். அதனால் காரைப் போர்டிகோவிலேயே வைத்து, கேட்டையும் சாத்திக்கொண்டேன்.

பேட்டரி ஒயரைக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் பிரித்தேன். திருகாணிகளை வரிசையாக ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தேன். மேல் மூடியைத் தூக்கியதும் உள்ளே இருந்த சின்னத் தொட்டியில் பெட்ரோல் கலங்கிக் கிடந்தது. அடியில் பழுப்பாக வண்டல். அதை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி ஒரு தகர டப்பாவில் விட்டேன். கொஞ்சம் தரையில் சிந்தியது. துணியால் துடைத்துத் துணியை ஓரமாகப் போட்டேன். தலை லேசாகக் கனத்தது. நேரமாகிறதே என்கிற பதற்றத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேட் திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர். காலையில் கட்டிய வேட்டியில் கறை பட்டுவிட்டதாம், மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போக வந்திருக்கிறார்.

என்னைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். என்னைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினார். சமையல்கட்டில் ஏதோ உருண்டு விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதியத்துக்கான தால்சாக் குழம்பைச் சிறுதீயில் வைத்துவிட்டு வந்திருந்தேன். சமையல்கட்டு ஜன்னல் போர்டிகோவைப் பார்த்துத்தான் இருக்கிறது. அது திறந்தும் இருந்தது.

பின்னாலேயே ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. அவர் குனிந்து சிலிண்டரையும் மூடிக்கொண்டிருந்தார். உள்ளேயும் பெட்ரோல் வாடை அடித்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடலாம் என்று கையை நீட்டினேன்.

"சுவிட்ச்ச தொடாத!"

என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அந்தத் தழும்புக் கை சில்லென்று இருந்தது.

"அதுல ஒரு பொறி வந்தா போதும். வா வெளிய."

வாசலில் நின்றோம். அவருக்கு மூச்சு வாங்கியது. தீக்காயத்தோடு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுகிறவள் நான். தோல் எப்படி உரியும், முதல் ஒரு மணி நேரம் எப்படிக் கத்துவார்கள் என்று தெரிந்தவள். தெரிந்துமா இப்படி என்று நினைத்தபோது படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாதான் பண்ணிக்கினு இருந்த நீ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

"திங்கக்கெழம மலைக்குப் போவணுங்க. போன தடவ வளைவுல வண்டி நின்னு பின்னால உருண்டுடுச்சு. உங்ககிட்ட சொல்லல."

அவர் போய்க் கேட்டை விரியத் திறந்தார். டப்பாவை மூடிபோட்டுத் தள்ளி நிழலில் வைத்தார். துடைத்த துணியைப் பக்கத்துக் காலி மனையில் வேலி மேல் விரித்துப் போட்டார்.

"தொழுதுட்டு வர்றேன். அதுவரைக்கும் ஒண்ணையும் தொடக்கூடாது."

அந்த ஒரு மணி நேரம் வாசற்படியைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. தெருவில் யாராவது பீடியோடு போனால் அவர்கள் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்தவர் பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு பக்கெட் மணல் கொண்டுவந்திருந்தார். இருவருமாகக் காரைக் காலி மனைக்குத் தள்ளினோம். அவர் பத்தடி தள்ளி மணல் பக்கெட்டோடு நின்றுகொண்டார். நான் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தேன். ஜெட்டுகளைக் கழற்றி ஸ்ப்ரே அடித்தேன். வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒன்றில் வெளிச்சமே வரவில்லை. மூன்று முறை அடித்து ஊறவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்த பிறகு கடுகைவிடச் சின்னதாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. "வந்துடுச்சு," என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லாம் காயும் வரை காத்திருந்து, படங்களைப் பார்த்துப் பார்த்து மாட்டி, கடைசியில் பேட்டரி ஒயரைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். நாலாவது தடவையில் பிடித்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"நிறுத்து! ஒழுவுது, நிறுத்து!"

இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்து இறங்கினேன். கார்புரேட்டரின் ஓரத்திலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் இன்னும் சூடேறவில்லை, அது ஒன்றுதான் நல்லது. தள்ளி நின்றோம். அவர் பக்கெட்டைக் கீழே வைக்கவே இல்லை, விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. விட்டுவிடலாம், பஸ்ஸுக்கே போகிறேன் என்றேன்.

"மெக்கானிக்குக்குப் போன் போடு," என்றார்.

நான் சொன்னதைக் கேட்டு மெக்கானிக் சிரித்தார். "தொட்டில மெதக்குற மெதவைக்குக் கீழ ஒரு ஊசி இருக்கும் பாருங்க, அது சரியா உக்காரல. தூசி மாட்டியிருக்கும். சிந்தினதெல்லாம் நல்லா காஞ்சப்புறம் தொறங்க."

அரைமணி நேரம் காயவிட்டுத் திறந்தோம். மெக்கானிக் சொன்ன மாதிரியே அந்த ஊசியின் நுனியில் ஒரு நூல் இழை. நான் துடைத்த துணியிலிருந்து வந்ததுதான். இந்தத் தடவை வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். ஊசி சரியாக உட்கார்ந்த பிறகு வண்டி கிளம்பியது. ஒரு சொட்டுகூட விழவில்லை. கால்மணி நேரம் ஓடவிட்டு இருவரும் கேட்டுக்கொண்டே நின்றோம். டப்பாவில் இருந்த அழுக்குப் பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாமல் சாயங்காலம் மெக்கானிக் ஷெட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை கார் நிற்காமல் மலையேறியது. ஆனாலும் வழி நெடுக ஜன்னல்களை இறக்கிவிட்டு, வாடை வருகிறதா என்று மோந்துகொண்டேதான் போனேன். மாவுக்கட்டு பிரித்த பிறகு மெக்கானிக் வந்து பார்த்து, "வண்டி சும்மா நிக்கறப்ப ஐட்லிங் கொஞ்சம் ஜாஸ்தி," என்று ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினார். அவ்வளவுதான்.

ஏழெட்டு மாதம் கழித்து வண்டி மறுபடியும் திணற ஆரம்பித்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போதே அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். "காலைல வெயில் ஏறுறதுக்குள்ள பண்ணிடு. நான் கடைய லேட்டா தொறந்துக்கறேன்," என்றார்.