சேர்வருக்கு ஒரு எல்லை, சனத்துக்கு ஒரு நோட்டீஸ்

வெள்ள நிவாரணப் பதிவு தொடங்கிய காலையிலேயே எங்கள் இணையத்தளம் படுத்துவிட்டது. மட்டக்களப்பு அலுவலகத்தில் அதைப் பராமரிப்பவள் நான். தளம் இயங்கும் கணினியான சேர்வரைத் தொட மேலாளர் என்னை விடவில்லை. "எல்லோரும் ஒரே நேரத்தில் தளத்துக்குள் நுழைய வேண்டாம்" என்று எழுதி வாசலில் ஒட்டினார்.

செட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மா நனைந்த சேலையோடு வந்தார். "விடியக்காலையிலருந்து போனை அமத்துறன் புள்ள, ஒண்டும் வருகுதில்ல."

"சனம் விழுந்தடிச்சு வந்தா நாங்க என்ன செய்ற?" என்று மேலாளர் சீறினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் முன்னாலேயே சேர்வரைத் திறந்தேன். நினைவகத்தில் பாதிக்கு மேல் காலி. ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரத்துச் சொச்சம் இணைப்புகளுக்கு மேல் ஏற்காதபடி இயங்குதளம் தானாக வைத்திருந்த எல்லை அப்படியே கிடந்தது. அதை உயர்த்தவேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டேன். "ஓடுறதில கை வைக்காதீங்க" என்றவர் இவர்தான்.

எல்லையை உயர்த்தி, சேர்வரை மறுபடி இயக்கினேன். அம்மாவின் போனில் பதிவுப் பக்கம் திறந்தது.

"நோட்டீஸ் கிடக்கட்டும் தங்கச்சி. எடுத்தா நம்மட பிழையெண்டு தெரிஞ்சிரும்" என்றார் மேலாளர்.

அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கவே அதைக் கிழித்தேன்.

இன்றும் யாராவது "சனம் கூடிப்போச்சு" என்று சலித்துக்கொண்டால், வாசலை ஒடுக்கியது யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. மேலாளர் என்னோடு பேசுவதில்லை. நானும் பேசப் போவதில்லை.