ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்

என் சித்திக்கு மூக்கு நுனியில் கோபம். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாகப் பழைய வரைபடங்களைப் பார்த்துப் புதிதாக வரைகிறவள். பழைய அளவுச் சங்கிலியின் நீளம் அறுபத்தாறு அடி, அதில் நூறு வளையம். ஒரு வளையத்துக்கு லிங்க் என்று பெயர். லிங்கை மீட்டராக்குவதுதான் வேலை என்பதால் இவளுக்கே 'லிங்க் அம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. திரைச்சீலைக்குத் துணி எடுக்கப் போனால், கடைக்காரரின் கஜக்கோலைப் பிடுங்கி இவளே அளப்பாள். நாங்கள் யாரோ எவரோ மாதிரி தள்ளி நின்றுகொள்வோம்.

கணினி வந்ததும் புது அதிகாரி, லிங்க் என்றால் இருபது சென்டிமீட்டர் என்று ஏற்றிவிட்டார். அது பின்னால் வந்த இருபது மீட்டர் சங்கிலியின் கணக்கு. பழைய லிங்க் அதைவிட ஒரு மில்லிமீட்டர் சொச்சம் நீளம்.

"சார், இது பழைய சங்கிலி. கணக்கு உதைக்குது."

"ஒரு மில்லிமீட்டருக்கு உயிரை எடுக்காதீங்க மேடம். முந்நூறு படம் கிடக்கு, கையெழுத்தைப் போடுங்க."

போட்டாள். அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு பாத்திரமும் மெதுவாக வைக்கப்படவில்லை.

மில்லிமீட்டர் சும்மா இருக்குமா? ஐந்நூறு லிங்க் நீளமுள்ள தெருவில் அது ஐம்பத்தெட்டு சென்டிமீட்டராகிவிட்டது. கடைசி வீடு துணி தேய்க்கும் பெண்ணுடையது. அதன் கோடிச் சுவர், தெரு முடிவில் குறுக்கே போகும் சாலைக்குள் அவ்வளவு தூரம் வந்திருக்கிறதாம், இடிக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தச் சுவரை ஒட்டித்தான் படுத்த படுக்கையாகிவிட்ட அவள் கணவனின் கட்டில்.

இடிக்கிற நாளில் சித்தி டேப்போடு போய் நின்றாள். நானும் கூடப் போனேன். தெருமுனைக் கல்லிலிருந்து அளந்துகொண்டு வந்து, சுவரடியில் தோண்டச் சொன்னாள். எல்லைக்கல், சுவரின் வெளிப்பக்கத்தை ஒட்டி ஆடாமல் அசையாமல் இருந்தது.

"கல்லை யாராச்சும் நகர்த்தியிருக்கலாம். கையெழுத்தான படம்தான் செல்லும்" என்றார் அதிகாரி. எனக்கு அவரை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

"யாரு கையெழுத்து சார்?"

"உங்களோடதுதான்."

படத்தை வெடுக்கென்று பிடுங்கி, தன் கையெழுத்தின் குறுக்கே கோடு இழுத்து, 'அளவு தவறு' என்று எழுதித் தேதியும் போட்டாள்.

"இப்ப செல்லுமா?"

இடிக்கும் இயந்திரம் பின்வாங்கி ஊர்ந்து போனது.

"அக்கா, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று தேய்க்கும் பெண் கையைப் பிடித்தாள்.

"உள்ள போய் அவரைப் பாரு முதல்ல" என்று எரிந்து விழுந்தாள் சித்தி.

ஒரே வாரத்தில் தற்காலிக நீக்கம். அரசு ஆவணத்தை அடித்துத் திருத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ஓய்வுக்கு நான்கே மாதம். மன்னிப்புக் கேட்டு எழுதிவிடு என்று வீடே அவள் காலில் விழாத குறை. ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள்:

"மற்ற படங்களும் தவறு, அவற்றையும் அனுப்புங்கள், அடித்துத் தருகிறேன். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். தவறு என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். தண்டிப்பதாக இருந்தால் அதற்குத் தண்டியுங்கள்."