விசேஷமா, துக்கமா என்று கேட்டவர்

"வண்டியை எடுக்கவா, வேண்டாமா?" என்றுதான் டிரெய்லர் ஓட்டும் மைக்கேல் அண்ணன் அன்று காலை தொலைபேசியில் கேட்டார். காரைக்கால் துறைமுகத்தில் கடைசிக் குழாய்களை ஏற்றிச் சங்கிலி கட்டி முடித்திருந்தார்கள். திருச்சி பால்பண்ணைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் நான் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன். அனுமதியெல்லாம் வந்துவிட்டதே, எடுக்க வேண்டியதுதானே என்றேன். அவர் "முன்னாடி போக ஆளில்லம்மா" என்றார்.

ஜெயந்தி அக்கா விடியும் முன்பே தூக்கத்தில் இறந்துபோயிருந்தார். அம்மாவின் போனை எடுத்த மகள், கடைசியாக அதில் யார் பேசியிருந்தாரோ அவரையே முதலில் அழைத்திருக்கிறாள். அது மைக்கேல் அண்ணன். முந்தைய நாள் மாலை அவர்கள் இருவரும் வழக்கம்போல் சண்டை போட்டிருக்கிறார்கள், தஞ்சாவூரில் எந்தக் கடையில் வண்டியை நிறுத்திச் சாப்பிடுவது என்று.

அக்காவை, இதைப் படிக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அறிவீர்கள். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதிப் பெண்கள் பலருக்கு அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். லாரிக்காரர்களுக்கு, நீளக் குழாய் ஏற்றிய டிரெய்லருக்கு முன்னால் சிவப்புக் கொடி கட்டிய ஜீப்பில் போகிறவர். எனக்கு, நான் கணினியில் போட்டுக்கொடுக்கும் வழியை எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்ததும் அதைப் பற்றி என்னை வம்புக்கிழுப்பவர். நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றி எழுதியும் பேசியும் ஆகிவிட்டது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. போன வாரத்தோடு அந்தக் காரணம் தீர்ந்தது.

அந்தக் குழாய்கள் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு வந்தவை. ஓர் ஆள் குனிந்தபடி உள்ளே நடந்துபோகலாம், அவ்வளவு பெரியவை. காரைக்காலில் கப்பலிலிருந்து இறங்கி, தஞ்சாவூர், திருச்சி வழியாகத் திண்டுக்கல் சாலையைப் பிடித்து, வையம்பட்டிப் பக்கம் ஒரு கிளைச்சாலையில் திரும்ப வேண்டும். நெடுஞ்சாலையில் கவலை இல்லை. குழி வெட்டி வைத்திருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வரும் ஊர்த் தெருதான் பயம். டிரெய்லர் அதற்குள் நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்க முடியாது. நடுவில் ஒரு பந்தல்கால் நின்றால் போதும், வண்டியும் நகராது, ஊரும் நகராது.

அதனால் வண்டி வருவதற்கு முந்தைய நாளே அக்கா அந்தத் தெருவுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே கேள்வி: "நாளைக்குக் காலையில குழாய் வண்டி வருதுங்க. வீட்டுல விசேஷமா, துக்கமா, ஏதாவது உண்டுங்களா?"

போலீஸ் வந்து ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போகிறார்களே, இது எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "போலீஸ் சொன்னா ஓரமா நிப்பாங்க. நாம போய்க் கேட்டா, கூட நிப்பாங்க" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிக் கேட்டுக்கொண்டு போனதில் அவர் ஒருமுறை நன்றாக மாட்டியும் இருக்கிறார். அந்தத் தெருவில் முதல்தடவை கேட்டு முடித்து, ஒரு வீடு விடவில்லை என்று பெருமையாக வந்தார். மறுநாள் காலை டிரெய்லர் நுழைந்தால், மாரியம்மன் கோயில் முன்னால் தெருவை அடைத்துத் துணி வளைவு கட்டியிருக்கிறார்கள். அன்றைக்குக் காப்புக் கட்டு. மைக்கேல் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன ஜெயந்தி, எல்லா வீட்டுலயும் கேட்டியே, ஆத்தா வீட்டுல கேட்டியா?"

"மறந்துட்டேன்யா."

"அவளே ஊருக்குப் பெரிய வீடு. உனக்கு அதுதான் கண்ணுக்குத் தெரியல."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பூசாரியிடம் பேசி, காப்புக் கட்டி முடியும்வரை டிரெய்லர் காத்திருப்பது என்று முடிவாயிற்று. முடிந்ததும் வளைவை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு வேலையும் கெடவில்லை. அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அவர் முதலில் கேட்டது கோயிலில்தான். பள்ளிவாசல் இருந்தால் அங்கே, மாதா கோயில் இருந்தால் அங்கே. திரும்பி வந்ததும் என் மேசையில் சாய்ந்துகொண்டு, "கம்ப்யூட்டர் மேடம், சாமிங்க எல்லாம் ஓகே சொல்லிட்டாங்க" என்பார்.

தெருமுனைத் திருப்பத்தைப் பார்த்து மைக்கேல் அண்ணன் தயங்கும்போதெல்லாம் அக்காவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "எங்க ஊர்ல ரங்கநாதர் தேரே திரும்புதுய்யா. உன் குழாய் திரும்பாதா?" அதற்கு அவர், "உங்க தேரை இழுக்க ஊரே வருது. எனக்கு நீ ஒருத்தி கொடியை ஆட்டுற" என்பார்.

நான் அதிகம் பேசாதவள். மதிய நேரத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு நிறுத்தியிருக்கும் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொள்வேன். அக்கா ஓட்டுநர் இருக்கையில் சாப்பாட்டைப் பிரிப்பார். என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்டதே இல்லை. நான் புத்தகத்தை மூடும் நாளன்று மட்டும், "கடைசியில நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்பார். இல்லை என்றால், "அப்ப இன்னொரு தரம் எழுதச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைவார். எத்தனையோ மதிப்புரைகள் படித்திருக்கிறேன். அவ்வளவு தெளிவான கோரிக்கையை எந்த வாசகரும் வைத்துப் பார்த்ததில்லை.

போன ஆண்டு அதே மாரியம்மன் கோயில் தெருவில் நடந்த கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். கப்பல் தாமதமானதால் குழாய் வரும் நாள் தள்ளித் தள்ளிப் போய், சரியாகச் சரசு அக்கா வீட்டு முகூர்த்தத்தில் வந்து நின்றது. கல்யாணப் பெண் அவர் மகள் தேவி. தெருவை மூடிப் பந்தல். அனுமதி எங்கள் கையில், பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று போலீசை விட்டுச் சொல்லியிருக்கலாம். குழி வெட்டிய இடத்தில் கிரேன் காத்திருக்கிறது என்று ஒப்பந்தக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அன்று நானும் ஜீப்பில் இருந்தேன். அக்கா ஸ்பீக்கரில் போட்டே பதில் சொன்னார்: "சார், தாலி கட்டட்டும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டோம்."

ஊர் எல்லையில் டிரெய்லரை நிறுத்தினோம். கெட்டிமேளம் கேட்டது. உடனே பந்தல்காரர்களும் மாப்பிள்ளையின் நண்பர்களும் முன்பக்கத்துக் கால்களைப் பிடுங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். குழாய் பந்தலை உரசாமல் மெல்ல உள்ளே வந்தது. நாதஸ்வரக்காரர் நிறுத்தவில்லை. மாலையும் கழுத்துமாக வாசலுக்கு வந்த தேவி, "இதுல எங்க தெருவுக்கும் தண்ணி வருமாக்கா?" என்று கேட்டாள். "வராம? உன் பிள்ளையை இதுலதான் குளிப்பாட்டப்போற" என்றார் அக்கா. குழாயை இறக்கிவிட்டு வந்தபின் எங்களை உட்காரவைத்து இலை போட்டார்கள். பரிமாறும்போது சரசு அக்கா ஜெயந்தி அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஒரு வளையல்கூடப் போடல?" என்றார்.

"கியர் போடறப்ப இடிக்கும்மா. உங்க பொண்ணு வளைகாப்புக்குக் கூப்பிடுங்க. அன்னிக்குப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டாம உக்காந்திருக்கேன்."

அக்காவை ஓயாமரி சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த மறுநாள், வண்டி எப்போது கிளம்பும் என்று ஒப்பந்தக்காரர் கேட்டது தவறில்லை. குழாய்கள் துறைமுகத்திலேயே கிடக்க முடியாது. கடைசிப் பகுதி இணைந்தால்தான் தண்ணீர். தஞ்சாவூரிலிருந்து ஒரு ஓட்டுநரை வரவழைத்து அக்காவின் ஜீப்பில் உட்காரவைக்க ஏற்பாடாயிற்று. "முந்தின நாள் போய்க் கேக்குற வேலையை விட்டுடலாம். எல்லாருக்கும் பழகின வண்டிதானே" என்றார் முதலாளி. மைக்கேல் அண்ணன் என்னைப் பார்த்தார். கேட்காத தெருவுக்குள் அவர் வண்டியை விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகவே மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறவள் நான். "நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பயந்தேன்.

பஸ்ஸில் போனேன். முதலில் கோயில். பிறகு வரிசையாக வீடுகள். முதல் வாசலில் குரலே வரவில்லை. இரண்டாவதில் வந்தது. எல்லா வீட்டிலும் பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது: "அந்த ஜீப் அம்மா வரலீங்களா?" மறுநாள் வருவது அவருடைய வண்டி, அதனால் பொய்க்கதை சொல்ல மனம் வரவில்லை. இறந்துவிட்டார் என்றே சொன்னேன். கேட்டவர்கள் வாசலில் இறங்கி என்னோடு நின்றார்கள்.

சரசு அக்கா வீட்டு வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "நாளைக்கு எங்க தேவிக்கு வளைகாப்பும்மா. பந்தலைக் கொல்லைப் பக்கம் போட்டுட்டோம், உங்க வண்டி தாராளமா வரலாம். அவங்க நம்பரை வாங்காம விட்டுட்டேன். குழாயோட எப்படியும் வருவாங்க, அப்பக் கூப்பிட்டுக்கலாம்னு இருந்தேன். எங்க அவங்க?"

விசேஷமா, துக்கமா என்று கேட்கப் போனவள் நான். விசேஷம் அவர்கள் வீட்டில் இருந்தது. துக்கத்தை நான் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அதை எப்படி அந்த வாசலில் இறக்கிவைப்பது? பாதி கட்டிய வாழைக்கன்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையிலிருந்த சணலைக் கீழே போட்டார்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

தூக்கத்திலேயே இறந்துவிட்டார் என்று மெல்லச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து தேவியின் குரல் கேட்டது. "யாரும்மா, ஜீப் அம்மாவா?"

சரசு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவங்க ஆபீஸ் பொண்ணுடி. அவங்களுக்கு வெளியூர்ல வேலையாம்" என்று உள்ளே குரல் கொடுத்தார். என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில், "மாசமா இருக்கிறவ. இப்பச் சொல்ல வேண்டாம். பிள்ளை பொறந்ததும் நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீங்களும் எங்கயும் சொல்லாதீங்க, போட்டோ போடாதீங்க. அவ எந்நேரமும் போன்லதான் இருக்கா" என்றார். பிறகு தெருவில் இறங்கி, நான் சொல்லிவிட்டு வந்த வீடுகளுக்கெல்லாம் அவரே போனார். அந்தத் தெரு முழுவதும் ஒரு செய்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

மறுநாள் காலை கடைசிக் குழாய்கள் அந்தத் தெருவுக்குள் வந்தன. ஜீப்பில் இடப்பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். வண்டி திண்டாடும் திருப்பங்களில் ஆட்கள் தாமாகவே வந்து நின்று, சைக்கிளை நகர்த்தி, துணி காயும் கயிற்றைத் தூக்கிப்பிடித்தார்கள். கூட நிற்பது என்று அக்கா சொன்னது இதைத்தான். கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாகத் தேவி வாசலில் நின்றாள். ஜீப்பை நிறுத்தச் சொல்லி, சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களை என் கையில் வைத்தாள். "இது அவங்க பங்கு. வேலைன்னு ஏமாத்திட்டாங்கன்னு சொல்லுங்க. குழந்தையைப் பாக்கவாவது வரச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன். பின்னால் மைக்கேல் அண்ணன் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

போன வாரம் தேவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சரசு அக்கா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தேவி என்னைப் போனில் அழைத்து வெகுநேரம் அழுதாள். கடைசியில், சோதனைக்கு விட்ட தண்ணீர் தெருக்குழாயில் வருகிறது என்றும், முதல்நாள் வந்ததில் ஒரு குடம் பிடித்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். இனி நான் எழுதலாம்.

அக்காவின் ஜீப் இப்போதும் ஓடுகிறது. முந்தைய நாள் தெருவில் போய்க் கேட்கும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். இன்னும் முதல் வாசலில் குரல் கம்முகிறது, இரண்டாவதில் வந்துவிடுகிறது. வளையல்களை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அங்கே கியரில் இடிக்காது. மேடு பள்ளத்தில் அவை குலுங்கும்போது, ஓட்டுநர் முதல் சில நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இப்போது பழகிவிட்டது.

நல்லபடியாக முடிந்ததா என்று கேட்பீர்கள் அக்கா. குழந்தையைக் குழாய்த் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறார்கள்.