மாப்பிள்ளை நாற்காலி

தன் மாமனார் வீட்டில் யாருக்கும் அவசரமாகச் சாகத் தெரியாது என்று டிரைவர் தன் பழைய கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அவருடைய மாமனாருக்கு எண்பத்தெட்டு. மாமனாரின் அக்கா தொண்ணூறைத் தாண்டி, முந்தின நாள் வரை விதை புடைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு மத்தியானத் தூக்கத்தில் போனவர். ஐம்பது வயதிலேயே மாரடைப்பில் போன சித்தப்பா ஒருவரும் அந்தக் குடும்பத்தில் உண்டு. அந்தப் பேச்சு வந்தால் மாமனார், “போட்ட விதை எல்லாமா மொளைக்குது?” என்று கேட்டுவிட்டு மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடுவார்.

அவர்களுக்கு நாற்றுப்பண்ணைதான் தொழில். சாலையை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் நீளமான நிலம், நடுவில் தண்ணீர்த் தொட்டி, ஒரு பாதிக்கு மேலே நிழல்வலை. பூச்செடி, பழக்கன்று, காய்கறி நாற்று, நிழல்மரம், எதைக் கேட்டாலும் இருக்கும். அங்கே மேசை என்று ஒன்று கிடையாது. எருவும் மணலும் கலப்பது தரையில், பை நிரப்புவது தரையில், நாற்றைப் பிரித்து நடுவதும் தரையில். ஒரு செங்கல் உயரத்துக்குப் பலகை போட்டு உட்காருவார்கள். நிரப்பினதைத் தூக்கிக்கொண்டு எழுந்து, வைத்துவிட்டு வந்து, மறுபடி உட்காருவார்கள். மாமனார் கையை ஊன்றாமல் எழுவார். அது ஒரு பெருமை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. உடற்பயிற்சி என்று சொல்லியிருந்தால், வேலையில்லாதவன் செய்கிற வேலை என்று நினைத்திருப்பார்.

சாப்பாடும் அப்படித்தான். முதல் தண்ணீர் ஊற்றி முடித்தபின் கொஞ்சம், உச்சி வெயிலில் வயிறாற, இருட்டுவதற்கு முன் பேருக்கு. தட்டு சின்னது, பேச்சு பெரியது. கீரையும் பயறும் பண்ணையின் ஓரத்திலிருந்தே வந்துவிடும். மத்தியானம் கொஞ்ச நேரம் எல்லோரும் வலைக்குக் கீழே வெறுந்தரையில் படுத்து எழுவார்கள். சாயங்காலம் செடி வாங்க வருகிறவர்களும் வாங்காமல் பேச மட்டும் வருகிறவர்களும் சேர்ந்து, யார் வீட்டுச் செடி பூத்தது, யார் வீட்டுப் பையன் இன்னும் தலையெடுக்கவில்லை என்று கதை அளப்பார்கள்.

இந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்ட டிரைவரின் வாழ்க்கையோ முப்பது வருடத்துக்கு மேல் ஒரே இருக்கையில் கழிந்தது. நெடுந்தூர பஸ். போய்ச் சேர்ந்தால் ஒரு டீ, திரும்பக் கிளம்பினால் ஒரு டீ, இரண்டிலும் சர்க்கரை தூக்கல். பசிக்கிறபோது சாப்பாடு கிடைக்காது, கிடைக்கிறபோது இரண்டு வேளைக்குச் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவார். ஊரெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறோம் என்று நினைத்தவருக்கு, ஓடியது பஸ்தான், தான் இல்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

“அப்பாவுக்கு வயசாச்சு. தம்பி ஒருத்தனா கெடந்து அல்லாடுறான். நம்ம பொண்ணும் வெளியூர்ல. நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குங்க வாடகை வீடு?” என்றாள் மனைவி. அவருக்கும் ஆட்சேபணை இல்லை. சாமான்களோடு பண்ணை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கே அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

கைவைத்த மரநாற்காலி, மேலே மெத்தை. வாசலுக்கும் வலைக்கும் நடுவில், நிழல் நகர நகர அதையும் நகர்த்தி வைப்பான் மச்சான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் அத்தானைக் கண்டால் இன்றைக்கும் மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிடுவான். மனைவி வந்த அன்றே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பிறந்த வீடு. அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை.

மாப்பிள்ளையின் ‘போதும்’ அங்கே செல்லாது. முதல் போதும் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவதுதான் நிஜம் என்பது அவர்கள் கணக்கு. மூன்றாவது வாயிலிருந்து வருவதற்குள் தட்டில் விழுந்திருக்கும். தங்களுக்குப் பேருக்குப் போட்டுக்கொள்கிறவர்கள் அவருக்கு ஊருக்குப் படைக்கிற மாதிரிப் படைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு அவருக்கு மட்டும். ஒருமுறை வழியில் கிடந்த பூந்தொட்டியை நகர்த்தக் குனிந்தார். மச்சான் எங்கிருந்தோ ஓடி வந்தான்.

“அத்தான், அத்தான்! வைங்க கீழ. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க? மாப்பிள்ளைய வெச்சு வேலை வாங்குறோம்னு பேசமாட்டாங்க?”

முதல் சில மாதங்கள் அவருக்கு அது தித்திப்பாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கெல்லாம் சேர்த்து இங்கே மரியாதை கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பெல்ட்டின் கடைசி ஓட்டையும் எட்டாமல் போனபோதும் சிரிப்புத்தான்.

ஒருநாள் அவர் கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் நடந்து வந்தபோது தரையில் ரத்தம் சொட்டுவதை மனைவி பார்த்தாள். உள்ளங்காலில் ரோஜா முள் ஒன்று முழுசாக இறங்கியிருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா முள்ளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். “வலிச்சுதா?”

“இல்லீங்களே.”

“அதான் பிரச்சினையே. இவ்வளவு ஆழமா எடுத்திருக்கேன், நீங்க ஃபேனைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க.” ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். சர்க்கரை கட்டுக்குள் இல்லை. காலில் உணர்ச்சி குறைந்துகொண்டு வருகிறது. இப்படியே போனால் அடுத்த புண் ஆறாது. ஆறாத புண் என்றால் காலை எடுக்கவேண்டி வரலாம்.

“மாத்திரை தரேன். மூடின செருப்பு போடாம வெளிய கால் வைக்கக்கூடாது. புண்ணு ஆறினதும் உடம்ப அசைக்கணும், சாப்பாட்டைக் குறைக்கணும்.” எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். “நீங்க அந்தப் பண்ணை வீட்டு மாப்பிள்ளைதானே? அப்புறம் என்னங்க? உங்க மாமனார் என்ன சாப்பிடுறாரோ அதைச் சாப்பிடுங்க, என்ன செய்றாரோ அதைச் செய்யுங்க. நான் தனியா என்னத்த சொல்றது?”

வெளியே வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “காலை எடுக்கிறது அது இதுன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாரு. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்னு மட்டும் சொல்லுவோம்.” அப்படியே சொன்னார்கள். மாமனார் இனிப்பை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பதிலாகப் பழத்தை இரண்டு மடங்காக்கினார்.

புண் ஆறியது. அதற்கென்றே காத்திருந்தவர்போல ஒரு சாயங்காலம், தொட்டிக்கரையில் கை கழுவிக்கொண்டிருந்த மாமனாரிடம் போய் நின்றார். “மாமா, எனக்கும் எதாச்சும் வேலை குடுங்களேன்.”

மாமனார் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பிப் பார்த்தார். “என்ன மாப்பிள்ளை?”

“பை நெரப்புறேன். தண்ணி ஊத்துறேன். எதுனாலும்.”

கிழவரின் முகம் சுருங்கிவிட்டது. “நாங்க எதாச்சும் கொறை வெச்சுட்டமா மாப்பிள்ளை?”

அவ்வளவுதான். வீடே இரண்டுபட்டது. மனைவி அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், “யாரு என்ன சொன்னா? தம்பி ஏதாச்சும் ஜாடையா பேசினானா?” என்று குடைந்தாள். மச்சான் மறுநாள் காலையில் வந்து, தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலேயே மன்னிப்புக் கேட்டான். மாமனார் யாரிடமும் பேசாமல் டவுனுக்குப் போய் நாற்காலிக்கு இன்னும் பெரிய மெத்தை வாங்கிவந்தார்.

சரி, நடையாவது நடப்போம் என்று காலையில் சாலையில் கிளம்பினார். இரண்டாம் நாளே எதிர்வீட்டுத் தையல்காரர் பண்ணைக்கு வந்து மாமனாரிடம் கேட்டுவிட்டார்: “என்ன, மாப்பிள்ளை தனியா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நடந்து போறாரு? வீட்டுல ஏதும் மனத்தாங்கலா?” மூன்றாம் நாள் மச்சான் வண்டியோடு பின்னாலேயே வந்து, “ஏறுங்க அத்தான்” என்றான்.

கால் போய்விடுமோ என்ற பயம் அவருக்குள் வேர்விட்டிருந்தது. பண்ணையில் எல்லோரும் எழுந்து, உட்கார்ந்து, குனிந்து, தூக்கிக்கொண்டிருக்க, தான் மட்டும் நட்டு வைத்த செடிபோல அசையாமல் இருப்பதை அவர் நாற்காலியிலிருந்தே பார்த்தார். இவர்களுக்கு ஆயுளைக் கொடுக்கிறது எதுவோ, அதை மட்டும் தனக்குத் தரமாட்டேன் என்கிறார்கள். அதுவும் அன்பினால். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

ஒருநாள் புதிதாகத் தோட்டம் போடுகிற ஒரு வீட்டுக்குக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு மாமனாரும் மச்சானும் காலையிலேயே போனார்கள். செடிகளை எங்கே வைப்பது என்று சொல்ல மனைவியும் கூடப் போனாள். பண்ணையில் அவர் ஒருவர்தான்.

மூடின செருப்பை மாட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றார். பஸ் டிப்போவில் வளர்ந்த கண் அது. வரிசை வரிசையாக, ஒரே கோட்டில், மூக்கு ஒரே பக்கம் பார்க்க நிற்கவேண்டும் எதுவும். இங்கே முழங்கால் உயரச் செடிக்குப் பக்கத்தில் விரல் நீளச் செடி, அதற்குப் பக்கத்தில் இடுப்பளவுக் கன்று. பாவம், ஆள் பற்றாக்குறை, ஒழுங்குபடுத்த நேரமில்லை என்று நினைத்தார். அவருக்கான வேலை கிடைத்துவிட்டது.

உயரத்தை வைத்துப் பிரித்தார். குனிந்தார், தூக்கினார், வைத்தார். முட்டி முறுக்கியது. முதுகு முனகியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தன் வியர்வையின் வாசனை தனக்கே தெரிந்தது. வலைக்குக் கீழே இருந்த நாற்றுத் தட்டுகளையும் விடவில்லை. குட்டையானதெல்லாம் முன் வரிசை என்று வெளியே கொண்டுவந்து, வெயிலில் அழகாக அடுக்கினார். தூர நின்று பார்த்தார். காலை ஷிஃப்டுக்குக் கழுவி நிறுத்தின பஸ்கள் மாதிரி இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மாமனார் வழக்கம்போல வந்ததும் பூவாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு முதல் வரிசைக்குப் போனார். ஊற்றப் போனவர் நின்றார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.

அந்தப் பண்ணையில் செடிகள் உயரத்துக்கு நிற்பதில்லை, தாகத்துக்கு நிற்கும். தினமும் குடிக்கிறது தொட்டிக்குப் பக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கிறது அடுத்து. அதிகம் ஊற்றினால் வேர் அழுகுகிற ஜாதியெல்லாம் கடைசி ஓரம். மாமனார் தண்ணீர் ஊற்றும்போது செடியைப் பார்ப்பதே இல்லை. அவர் காலுக்கே தெரியும். இப்போது கால் வைத்த இடமெல்லாம் வேறு ஊராக இருந்தது. போதாததற்கு, வெயில் படக்கூடாத நாற்றுகள் முன்வரிசையில் தலை தொங்கிக் கிடந்தன.

பூவாளி கீழே விழுந்தது.

“டேய்! அறிவிருக்காடா உனக்கு? நாத்து எது, கன்னு எதுன்னு தெரியாத முண்டம், எவன்டா உன்னை இதத் தொடச் சொன்னது? பச்சப் புள்ளையக் கொண்டாந்து நெருப்புல போட்ட மாதிரி போட்டிருக்கியே, பாவி!”

மனைவி கையிலிருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அப்பா!” என்றான் மச்சான்.

கிழவருக்குத் தான் பேசியது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. “மாப்பிள்ளை… ஏதோ வாய் தவறி… பெரிய மனசு பண்ணி…” இரண்டு கையையும் கூப்பப் போனார்.

டிரைவர் ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். “மன்னிப்பு மட்டும் கேட்டுடாதீங்க மாமா. கேட்டீங்கன்னா என்னை மறுபடியும் உக்கார வெச்சுடுவீங்க.”

“என்னங்க இது…” என்று மனைவி குறுக்கே வந்தாள்.

“நீ சும்மா இரு. மறைச்சது போதும்.” அவர் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். “இதுல முள்ளு ஏறினதே எனக்குத் தெரியல மாமா. இப்படியே உக்காந்துக்கிட்டு இருந்தா காலை எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உங்க மாமனார் செய்றதச் செய்யுங்கன்னாங்க. நீங்க செய்ய விடமாட்டேங்குறீங்க. ஒத்தக் கால் மாப்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை செஞ்சு என்ன மாமா பிரயோஜனம்?”

கிழவர் அந்த உள்ளங்காலை வெகுநேரம் பார்த்தார். தழும்பை விரலால் தொட்டார். பிறகு திரும்பி வாடிக்கிடந்த நாற்றைப் பார்த்தார். மாப்பிள்ளை காத்திருப்பார், நாற்று காத்திருக்காது.

“செருப்ப மாட்டு,” என்றார். “மொதல்ல இதையெல்லாம் நெழலுக்குத் தூக்கு.”

‘தூக்கு’ என்றதும் மச்சான் பதறிப்போய்த் தானே தட்டை எடுக்கப் போனான். மாமனார் தடுத்தார். “நீ ஏன்டா நடுவுல? கலைச்சவன் அடுக்கட்டும். உங்க அக்காளையும் வந்து ஒக்காரச் சொல்லு. எது எவ்வளவு குடிக்கும்னு சொல்லிக் குடுக்கட்டும்.”

அன்றைக்கு முழுதும் ஆகியும் முடியவில்லை. மறுநாளும் நடந்தது. மாமனாரின் நாக்குத்தான் பாவம், ‘வாங்க’வுக்கும் ‘வா’வுக்கும் நடுவில் தடுமாறி, கடைசியில் வேலை நேரத்தில் ‘வா’ என்றும் சாப்பாட்டு நேரத்தில் ‘வாங்க’ என்றும் ஒரு முடிவுக்கு வந்தது. வேலை செய்கிறவனின் தட்டும் மற்றவர்கள் தட்டு அளவுக்குத்தான் நிரம்பியது.

காலில் போன உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். மாத்திரை தொடர்கிறது, மூடின செருப்பும் தொடர்கிறது. சர்க்கரை இறங்கியிருக்கிறது, கால் இருக்கிறது. மாமனார் வயது வரை இருப்பாரா என்று யாராலும் சொல்லமுடியாது. டிரைவரும் கேட்டுக்கொள்வதில்லை.

வெயிலில் வைத்த நாற்றில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க, நாற்று கேட்டு வந்தவர்களிடமெல்லாம் மாமனார் பண்ணையின் ஓரத்தைக் காட்டினார். அங்கே டிரைவர் பலகையில் உட்கார்ந்து பை நிரப்பிக்கொண்டிருப்பார்.

“இருந்துச்சு. எல்லாத்தையும் அதோ அந்த ஆளு கொன்னுட்டான்.”

“யாருங்க அது, புது ஆளா?”

“என் மாப்பிள்ளை,” என்பார் கிழவர். டிரைவர் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு, முட்டி முனக, மெதுவாக எழுந்துகொண்டிருப்பார்.