பொழுது இருக்கா?

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. நாங்கள் சமணர்கள். விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிட வேண்டும் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பழக்கம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க இரண்டு டிபன் டப்பா கொண்டுபோனேன். ஐந்து மணிக்கு நான் இரண்டாவது டப்பாவைத் திறந்தால் என் செக்‌ஷனில் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள்.

என் கணவரும் இதே வழியில் பிறந்தவர்தான். ஆனால் அவர் சர்வேயர். வெயிலில் நிலம் அளந்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, "பசி உயிர் போவுது, உன் தர்மத்த கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு சோத்தப் போடு" என்பார். போடுவேன். திட்டிக்கொண்டேதான் போடுவேன். கண் மட்டும் அவருக்கு அப்படி ஒரு கண். வரப்பு ஒரு முழம் நகர்ந்திருந்தால் அளவுச் சங்கிலியைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணை நம்பித்தான், வண்டி ஓட்டத் தெரியாத நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதினெட்டு நாள் ஊர் சுற்றக் கிளம்பினேன்.

தீபாவளி முடிந்து நான்காம் நாள் புறப்பட்டோம். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"மழைக்காலத்துல யாராவது கிளம்புவாங்களா? தை மாசம் போலாமே" என்றேன்.

"தை வரைக்கும் முடியாது" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கோட்டை கொத்தளம், குகைக் கோயில், கடற்கரை என்று கல்யாணமான புதிதிலிருந்து நான் நச்சரித்து வந்த பயணம். ஒருவழியாகக் கைகூடி வரும்போது வாயைக் கொடுத்துக் கெடுப்பானேன் என்று பெட்டியைக் கட்டினேன்.

முதல் நாள் கங்கைகொண்ட சோழபுரம். கோயிலைச் சுற்றிவிட்டு வந்தபோது மணி ஐந்தேகால். வானம் மூடியிருந்தது. "பொழுது போயிடும், சாப்பிட்டுட்டு இங்கியே ரூம் போட்டுடலாம்" என்று அவராகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு வருஷம் மல்லுக்கட்டி நடக்காதது தானாக நடக்கிறது.

"என்னங்க, ரிட்டயர் ஆனதும் புத்தி வந்துடுச்சா?"

"வயசாவுதில்ல" என்று சிரித்தார். பிறகு பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்துக் கண்ணில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். தூசி அலர்ஜிக்கு என்றார்.

தரங்கம்பாடியில் ஐந்து மணிக்கே பொழுது போய்விட்டது என்றார். கடல்மேல் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. இந்த மனுஷன் என்னையே மிஞ்சிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டு, பாதியில் விட்ட சுண்டல் பொட்டலத்தை மடித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

சித்தன்னவாசலில் குகைக்குள் தலையைத் தூக்கி விதானத்து ஓவியத்தைப் பார்த்தோம். தாமரைக் குளம், மீன், பூப்பறிக்கும் துறவி. காவலாளி ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் காட்டினார். "பிரமாதம்" என்றார் இவர். திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெறும் சுவரைப் பார்த்து இருந்தது. கழுத்து வலியாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நாலே முக்காலுக்குச் சாப்பிட்டோம்.

மதுரைக்குப் பக்கத்தில் சமணர் மலையில் படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்க என் கையைத் தொடாத மனிதர். ஒவ்வொரு படியையும் முதலில் காலால் தடவினார். நாலரைக்கு "இருட்டிடுச்சு" என்றார். மலை நிழல் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அப்படித்தான் ஒவ்வொரு நாளும் அவருக்காக நானே ஒரு காரணம் தேடி வைத்தேன். ஒருநாள் மேகம், ஒருநாள் புளியமரம், ஒருநாள் ரூமில் பல்பு சரியில்லை.  

பதினெட்டாம் நாள் வீடு திரும்ப வேண்டும். விழுப்புரத்தில் தங்கிவிட்டுக் காலையில் செஞ்சிக்குக் கிளம்பினோம். தூறல். நான் குனிந்து போனில் மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி லேசாகக் குலுங்கியது.

"என்னங்க அது?"

"கல்லு" என்றார்.

வண்டி நிற்கவில்லை. நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். பின்கண்ணாடி முழுக்க மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு நேராகவே பார்த்தேன்.

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் இறங்கினோம். அவர் பாத்ரூம் போனார். நான் வண்டியின் முன்னால் வந்தேன். இடது பக்க பம்பரில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைப் பெயின்ட் இழுத்திருந்தது. கல்லில் ஏது பச்சைப் பெயின்ட்? எங்கள் வண்டி வெள்ளை. சைக்கிளோ, தள்ளுவண்டியோ, யாராவது பிடித்துக்கொண்டு நின்ற மொபெட்டோ.  பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து, அவருடைய பழைய பனியனில் ஊற்றி, அவர் திரும்பி வருவதற்குள் தேய்த்துத் துடைத்துவிட்டேன். ஏன் துடைத்தேன்? பயம், அவ்வளவுதான். பனியனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

கோட்டைமேல் ஏற வேண்டாம், கீழேயே உட்காரலாம் என்றார். சரி என்றேன். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். எதைப் பார்த்தோம் என்று நினைவில்லை.

அங்கிருந்து வீடு அதிக தூரமில்லை. மழை விட்டு மேற்கே சுள்ளென்று வெயில் அடித்தது. கண்ணாடி முழுக்க வெயில். "ஆடு வருதுங்க, வலது பக்கம் பஸ்ஸு, ஸ்பீட் பிரேக்கர்" என்று நான் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். அவரும், என்னம்மா இது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார். கீழ்பென்னாத்தூர் வந்ததும் சாலையோரம் ஒரு மெஸ்ஸைக் காட்டி, நிறுத்துங்கள் என்றேன்.

உள்ளே கொஞ்சம் இருட்டு. ஒரு டியூப் லைட் எரிந்தது. இலை போட்டார்கள். அவர் இலையைத் தள்ளி வைத்தார்.

"விளக்கு வெச்சுட்டாங்களே. எனக்கு வேணாம். உனக்கும் ஆவாதே."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. வாசலில் வேர்க்கடலை மூட்டைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆமாங்க, இருட்டிடுச்சு என்று சொல்லியிருந்தால் இருவரும் பட்டினியாக எழுந்து வண்டிக்குப் போயிருப்போம். வீடு பக்கம்தானே என்று அவர் மறுபடியும் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். கீழ்பென்னாத்தூர்ப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அது.

"மணி நாலுதாங்க. வெளிய நல்ல வெயிலு" என்றேன்.

அவர் இலையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் எவ்ளோ பொழுது இருக்கு?"

"ஒன்றரை மணி நேரம் இருக்கும்."

மூன்று மாதமாகத் தெரியும் என்றார். கண்ணில் அழுத்தம், போன பார்வை திரும்பாது, இருக்கிறதும் எத்தனை நாளைக்கோ என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "வெளிச்சம் கம்மியானா வண்டி எடுக்காதீங்கன்னாரு. நான் எடுக்கலையே. கம்மியானதும் தெனமும் நிறுத்திட்டேனே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பொழுது அவ்வளவு சீக்கிரம் சாய்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் பக்தி என்று நினைத்து மகிழ்ந்துபோயிருந்தேன்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன? ரெண்டு பேரும் செத்திருப்போம்" என்றேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகு.

"சொன்னா நீ கிளம்பியிருக்க மாட்டே."

வண்டிச் சாவியை எடுத்து என் இலைப்பக்கம் வைத்தார். வண்டியை மெஸ்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். ஊர் நெருங்கியதும் பழக்கத்தில் எங்கள் ஊர் மலை இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"காலையில ஒரு சத்தம் கேட்டுச்சே. அது கல்லுதானே?"

"நீங்கதானே சொன்னீங்க."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். கல்லுதான்" என்றேன்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. வண்டியை விற்றுவிட்டோம். இப்போது அவருக்கு நிழல்தான் தெரிகிறது. விளையாட்டுப் போல இருந்தவர் இப்போது நிஜமாகவே வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறார். சாயங்காலம் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், "பொழுது இருக்கா?" என்று கேட்பார். "இருக்குங்க" என்று சொன்ன பிறகுதான் கை வைப்பார். காலையில் நான் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். விபத்துச் செய்திகளை மட்டும் வாய்விட்டுப் படிப்பதில்லை. விழுப்புரம், செஞ்சி என்று கண்ணில் பட்டால் எனக்கு வரி ஓடாது. அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

நேற்று கேஸ் தீர்ந்து, சிலிண்டர் மாற்றி, சமையல் முடிய நேரமாகிவிட்டது. தெருவிளக்கு எரிந்துவிட்டது. மத்தியானமும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"பொழுது இருக்கா?" என்றார்.

"இருக்குங்க" என்றேன்.

நம்பிச் சாப்பிட்டார். ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குத் தட்டு வைத்துக்கொள்ளவில்லை. கடைசி வாய் எடுக்கும்போது பக்கத்து வீட்டு டிவியில் ஏழு மணிச் செய்தியின் முரசு முழங்கியது. அவர் கை தட்டிலேயே நின்றது.

தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்.

"அன்னைக்கு பஸ்ஸுல கல்லுன்னு சொன்னியே. அதுவும் இப்படித்தானா?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.