ஒரு வரியில் இருந்த மகள்

பழைய காகிதம் எரியும் வாசனை வந்தால் இன்றும் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். ஒரு முறை அப்படியொரு நெருப்பை மூட்டியவன் நான்தான்.

சீர்காழிப் பக்கம் எங்கள் சபை. அங்கே பதிவேடு எழுதுகிறவன் நான். பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறந்த காலம். வாரம் ஒருவர் ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள். அவர்களே ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் எழுதிய செல்லரித்த பதிவேட்டை எட்டு மாதம் உட்கார்ந்து அதில் ஏற்றினேன். முடிந்ததும், கர்த்தரின் நாமம் எழுதிய தாள் காலில் மிதிபடக் கூடாதென்று, ஜெபம் சொல்லி எரித்தேன்.

ஐப்பசி அடைமழை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. திரையில் ஒரே கேள்வி: எல்லாவற்றையும் அழித்து டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா? வேறு பிரதி எங்கும் இல்லை.

அந்தப் பதிவேட்டில் என் மகள் இருந்தாள். பூமியில் ஆறு மணி நேரம் இருந்தவள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாதான் அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். கிருபா என்று பெயர். போட்டோ இல்லை. அந்த ஒரு வரிதான். என் மனைவி எஸ்தர் வருஷா வருஷம் போய் அதை விரலால் தடவிவிட்டு வருவாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"எரிக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, என் மூடத்தனத்தைவிட நீர் பெரியவர், அந்த வரியைத் தாரும்.

நான்காம் நாள் குருவானவர் குமரவேலை அனுப்பினார். பூம்புகார் மீனவர் குடும்பம். டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்.

"ஃபார்மட்டுக்கு சரின்னு குடுத்தீங்களா சார்?"

"பயத்துல தொடவே இல்லைங்க."

"நல்லதாப் போச்சு. தைரியசாலிங்க எல்லாம் கெடுத்துட்டுத்தான் எங்கிட்ட வருவாங்க."

டிஸ்க்கில் எதையும் எழுதாமல் முழு நகல் எடுத்தார். "எது எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணைதான் சிதைஞ்சிருக்கு. எழுத்து உள்ளயே கிடக்கலாம்" என்றார். கிடைத்தவை பெயரில்லாத துண்டுகள், வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தார். கல்யாணங்கள் வந்தன, அடக்கங்கள் வந்தன. சில பக்கங்கள் வரவே இல்லை. அதற்காகச் சபையிடம் இன்றும் மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாம் நாள் மாலை எஸ்தர் நாற்காலியை விட்டு எழுந்தாள். கிருபா. திரையில் இருந்தாள்.

இப்போதெல்லாம் ஜெபித்துவிட்டோம் என்பதற்காக எதையும் அவசரமாய்ச் செய்வதில்லை. முதலில் எஸ்தரைக் கேட்கிறேன். பிரியமானவர்களே, தொலைத்தது உங்கள் கையாலேயே என்றாலும் வெட்கப்படாமல் கேளுங்கள். யார் கையில் கொடுத்தனுப்புவதென்று அவருக்குத் தெரியும்.

அன்று கிளம்பும்போது குமரவேல் எங்களிடம் இரண்டு சிடி கொடுத்தார். மூன்றாவது ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு எஸ்தரைப் பார்த்தார்.

"ஒரு பிரதி வேற இடத்துலயும் இருக்கறது நல்லது. பாப்பா பக்கம் மட்டும் எங்க வீட்டுலயும் இருக்கட்டுமாக்கா?"

"இருக்கட்டும் தம்பி" என்றாள். "பிள்ளையைப் பத்திரமாப் பாத்துக்கங்க."